தாயும் மகளும் ஒரே சோதினை

சிவரூபியின் விடைத்தாளில் பாதிக்கு மேல் பிழை காட்டும் சிவப்புப் புள்ளடிகள் கிடந்தன. போட்டவள் வேறு யாருமல்ல, அவள் பெற்ற மகள் நிலாந்தினி. குசினி மேசையின் ஒரு பக்கத்தில் தாய், மறுபக்கத்தில் மகள், நடுவில் சாதாரண தரப் பரீட்சையின் பழைய ஆங்கில வினாத்தாள்கள். அடுத்த மாதம் இரண்டு பேரும் அதே பேப்பரைத்தான் எழுதப் போகிறார்கள். மகள் பாடசாலை மூலமாக, தாய் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக.

“இந்த வரியில ‘இற்’, அதாவது ‘அது’ எண்டு சொல்லியிருக்கிறது எதை?” என்று நிலாந்தினி கேட்டாள்.

வாசிப்புப் பகுதியில் ஒரு மனிதர் ரயிலில் குடையை விட்டுவிட்டு இறங்குகிறார். நினைவு வந்து திரும்பி ஓடிப்போய்ப் பார்த்தால் அது போய்விட்டது.

“குடையை.”

“இல்லை அம்மா, ரயிலை.”

“துலைஞ்சது குடைதானே?”

“துலைஞ்சது குடை. போனது ரயில்.”

“ரயில் போனா குடையும் சேர்ந்துதானே பிள்ளை போகும்? ரெண்டும் போயிட்டுதுதானே?”

நிலாந்தினி பேனாவை மேசையில் போட்டாள். “அம்மா, நீங்கள் கதையை யோசிக்கிறியள். வசனத்தைப் பாருங்கோ.”

சிவரூபி வசனத்தைப் பார்த்தாள். வசனமும் அவளைப் பார்த்தது. அவ்வளவுதான்.

அனலைதீவில் அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆங்கிலத்துக்கு ரீச்சர் இருக்கவில்லை. வந்தவர்கள் ஒரு தவணை தாங்காமல் மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விவசாயம் படிப்பித்த சேர்தான் அந்தப் பாட நேரத்தில் வந்து கதிரையில் இருந்து, “சத்தம் போடாமல் வாசியுங்கோ” என்பார். அவர்களும் சத்தம் போடாமல் இருந்தார்கள். வாசிக்கத் தெரிந்தால்தானே வாசிக்க. சோதினை முடிவு வந்தபோது மற்றப் பாடங்கள் எல்லாம் சித்தி, ஆங்கிலத்துக்கு மட்டும் டபிள்யூ, சித்தியில்லை. அப்போது அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கலியாணம் வந்தது, பிள்ளை வந்தது, ஊரின் முன்பள்ளியில் ஆசிரியை வேலையும் வந்தது. சின்னப் பிள்ளைகளோடு அவளுக்கு நல்ல வாரப்பாடு. இப்போது முன்பள்ளி ஆசிரியைகள் டிப்ளோமா முடித்தால்தான் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லிவிட்டார்கள். டிப்ளோமாவுக்கு ஆங்கிலத்தில் சி தரம் வேண்டும். போன வருடம் தனியே இருந்து படித்து எழுதினாள். திரும்பவும் டபிள்யூ.

“சரி, செயப்பாட்டுவினைக்குப் போவம்,” என்றாள் மகள். “‘ஆரோ என்ர சைக்கிளைக் களவெடுத்திட்டினம்.’ இதை மாத்துங்கோ.”

சிவரூபி கனநேரம் யோசித்து எழுதினாள். சைக்கிள் களவெடுக்கப்பட்டது, யாரோ ஒருவரால்.

“கடைசித் துண்டு தேவையில்லை. ஆரெண்டு தெரியாட்டி விடலாம்.”

“களவெடுத்தவனை விடலாமோ?”

“அம்மா!”

“இல்லை பிள்ளை, விளங்காமல்தான் கேக்கிறன். சைக்கிள் இருக்கு, களவு இருக்கு, கள்ளன் மட்டும் இல்லையோ?”

“கிரமரில அப்பிடித்தான்.”

பின்வாசலில் புகையிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் இறைத்த களைப்போடு கால் கழுவிக்கொண்டிருந்த சசிகரன் சிரித்தான். மனைவி முறைத்த முறைப்பில் சிரிப்பை நிறுத்திக்கொண்டு உள்ளே போனான்.

சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து அன்ரனிட்டா ரீச்சர் சூமில் வகுப்பு எடுப்பார். வீட்டுக்குள் சிக்னல் வராது. இறங்குதுறைப் பக்கம் உள்ள பூவரச மரத்தடியில் இருந்தால் வரும். வீட்டில் நல்ல போன் ஒன்றுதான். ஆகவே தாயும் மகளும் ஒரே பாயைக் கொண்டுபோய் விரித்து, ஒரே போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்துப் படித்தார்கள். போனின் கண்ணில் மகள் மட்டும் தெரிவாள். தாய் பக்கத்தில் இருந்து காது கொடுப்பாள். அப்படி ஒழுங்கு செய்தவள் நிலாந்தினி. வெளிச்சம் அந்தப் பக்கம் போதாது என்று அவள் சொன்ன காரணத்தைச் சிவரூபியும் நம்பியிருந்தாள்.

அன்றைக்குப் பாடம் பேச்சு எழுதுவது.

“பேச்செண்டா சும்மா வசனம் அடுக்கிறதில்லை,” என்றார் ரீச்சர். “முதல், உங்களுக்கு என்ன வேணும் எண்டதைச் சொல்லுங்கோ. பிறகு ஏன் எண்டு ஒரு காரணம். பிறகு கேக்கிறவை தங்கட வீட்டில நடந்தது மாதிரி உணரக்கூடிய ஒரு உதாரணம். ஒரு கேள்வி கேட்டாலும் நல்லம். பதில் அவையின்ர வாயாலையே வரவேணும். சரி, ஆர் வாசிக்கப் போறியள்? நிலாந்தினி, உம்மட அம்மாவும் இருக்கிறா எல்லே? அக்கா, நீங்கள் வாசியுங்கோவன்.”

சிவரூபி இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் நேற்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள். தாளை எடுத்து, தொண்டையைச் செருமி, “குட் மோர்னிங் பிரின்சிப்பல், ரீச்சர்ஸ்…” என்று தொடங்கினாள். ஒரு வரி வாசித்து, இரண்டு வரி வாசித்து, மூன்றாம் வரியில் சொல் ஒன்று சிக்கி, திரும்ப வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தபோது போனில் ரீச்சர் சொன்னார்:

“அக்கா, சத்தம் கேக்கேல்ல. உங்கட மைக் பூட்டியிருக்குது.”

சிவரூபி மகளைப் பார்த்தாள். மகளின் விரல் இன்னும் போனின் மேல்தான் இருந்தது.

“நீயே பூட்டினனி?”

நிலாந்தினி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“ஏன்?”

“வகுப்பில எல்லாரும் என்ர வயசு. நீங்கள் வாசிக்க எல்லாரும் சிரிப்பினம். பேந்து குறூப்பில போட்டு என்னை நக்கலடிப்பினம்.” அவள் பாயின் ஓரத்தை இழுத்தாள். “வேற ஆரின்ர அம்மா பிள்ளையோட சேர்ந்து சோதினை எழுதுறா?”

சிவரூபி எழும்பினாள். பாயில் அவள் இருந்த பக்கம் காற்றில் மடிந்தது. வீட்டுக்கு நடந்தாள். வழியில் கண்ட இரண்டு பேர் கதை கேட்டும் நிற்கவில்லை. வீட்டில் நல்லாய் இருந்த சட்டி பானைகளை எல்லாம் எடுத்துத் திரும்பவும் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க ஆத்திரம் குறையவில்லை. மகள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளை அதிகம் எரித்தது.

இது நடந்து சில நாட்களில் இன்னொரு இடி விழுந்தது. தீவில் பரீட்சை எழுதும் பிள்ளைகள் குறைவு என்று பரீட்சை நிலையத்தை ஊர்காவற்துறைக்கு மாற்றியிருந்தார்கள். அது போதாதென்று, ஓடிக்கொண்டிருந்த இரண்டு படகுகளில் ஒன்று பழுதாகிக் கரையில் ஏறிவிட்டது. மிஞ்சிய படகு காலையில் எட்டு மணிக்குத்தான் தீவை விட்டு வெளிக்கிடும். ஊர்காவற்துறைக்குப் போய்ச்சேர ஒன்பதாகும். சோதினை தொடங்குவது எட்டரைக்கு.

தாய் தகப்பன்மார் கூடிக் கத்தியதில், படகுக்குப் பொறுப்பான திணைக்களத்திலிருந்து ஒரு அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தார்கள். வந்தவர் தெற்குப் பக்கத்து மனிதர், நல்ல அமைதியான முகம். தமிழ் தெரியாது. அவருக்கு மொழிபெயர்க்க நிசாந்தன் என்ற இளம் உத்தியோகத்தரைக் கூட்டி வந்திருந்தார்கள்.

சனம் ஒரே நேரத்தில் கதைத்தது.

“பிள்ளையள் நீந்தியே போறது?”

“ஊர்காவற்துறையில அறை எடுத்து விட எங்களுக்கு ஆர் இருக்கினம்? பொம்பிளைப் பிள்ளையளைத் தனிய விடலாமே?”

“பத்து வருசம் படிச்சதைப் பத்து நிமிசத்தில பாழாக்கப் போறியளோ?”

நிசாந்தன் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு அதிகாரியின் பக்கம் குனிந்தான். “சேர், பேரன்ற்ஸ் ஆர் எ லிற்றில் வொறிட்.”

பின் வாங்கில் இருந்த சிவரூபிக்குச் சுரீரென்றது. லிற்றில் என்றால் கொஞ்சம். வொறிட் என்றால் கவலை. இவ்வளவு சனமும் தொண்டை கிழியக் கத்தியதைக் கொஞ்சக் கவலை என்று சொல்லிவிட்டானே!

“தம்பி, என்ன கொஞ்சமோ?” என்று எழும்பினாள். “நாங்கள் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ.”

“சுருக்கித்தான் அக்கா சொல்லலாம்,” என்றான் நிசாந்தன். “சேருக்கு நேரமில்லை.”

“அப்ப நான் சொல்லுறன்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. யன்னலோரம் மற்றப் பெண் பிள்ளைகளோடு நின்ற நிலாந்தினி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

“சேர்,” என்றாள் சிவரூபி. முன்னால் இருந்த வாங்கைப் பிடித்துக்கொண்டாள். “போட் லேற். சில்ட்ரன் கான்ற் கோ எக்ஸாம். வீ கான்ற் கோ.”

அவள் அவசரத்தில் சொல்ல, ‘கான்ற்’ என்பதன் கடைசி எழுத்து வாய்க்குள்ளேயே விழுந்துவிட்டது. அதிகாரியின் முகம் மலர்ந்தது.

“ஓ, கான் கோ? குட், குட். வெரி குட்.” அவர் தன் தாளில் எதையோ எழுதினார். பிறகு நிசாந்தனிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

நிசாந்தன் சனத்தைப் பார்த்துச் சொன்னான்: “இந்த அக்கா சொல்லுறா, பிள்ளையள் எப்பிடியும் போகலாமாம். அப்ப பெரிய பிரச்சினை இல்லைத்தானே எண்டு சேர் கேக்கிறார்.”

பிறகு சனம் சிவரூபியின் பக்கம் பாய்ந்தது.

“உமக்கென்ன விசரே சிவரூபி?”

“தெரியாட்டிப் பேசாமல் இருக்கிறதுதானே!”

“படகு வராட்டி உம்மட வீட்டிலையே பரீட்சை நடக்கப் போகுது?”

சிவரூபிக்குக் காது அடைத்தது. போக ஏலாது என்று சொல்லப்போய்ப் போகலாம் என்று சொன்ன பெயர் அல்லவா வந்துவிட்டது! ஏலும், ஏலாது. தமிழில் ஒரு பச்சைக் குழந்தைக்கும் இது இரண்டும் மாறாது. இந்த மொழியில் ஒரு மூச்சுக் குறைந்தால் தலைகீழாகிவிடுகிறது. அவள் யன்னல் பக்கம் திரும்பினாள்.

“நிலா, நீ சொல்லு பிள்ளை. நீ வடிவாச் சொல்லுவாய்.”

வகுப்பில் முதலாம் ஆள் நிலாந்தினி. எந்த வசனத்தையும் எந்தக் காலத்துக்கும் மாற்றுவாள். அவள் வாய் திறந்தது. உதடு இரண்டு தரம் அசைந்தது. சத்தம் வரவில்லை. எல்லாருடைய கண்ணும் தன்மேல் நிற்பதைப் பார்த்ததும் அவள் தலை கீழே போய்விட்டது.

சிவரூபிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை. மகள் மேலா, நிசாந்தன் மேலா, நல்ல முகத்தோடு சிரித்துக்கொண்டிருக்கும் அந்த அதிகாரி மேலா, தன் வாயின் மேலா? அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்தினார். எழும்பப் போகிறார். அவள் வாங்குகளுக்கு நடுவால் நடந்து மேசைக்கு முன்னால் போய் நின்றாள். வசனம் பற்றி இனி யோசிக்க நேரமில்லை.

“சேர், யூ ஹாவ் சில்ட்ரன்?”

அவர் திகைத்தார். “யெஸ். வன் டோட்டர்.”

“யுவர் டோட்டர் எக்ஸாம் எய்ற் தேர்ட்டி.” சிவரூபி தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். “போட் கம் நைன் ஓ கிளொக். யுவர் டோட்டர் ஹவ் கோ? யூ ரெல்.”

அதிகாரி சிரிப்பை நிறுத்தினார். அவளைப் பார்த்தார், பிறகு தான் எழுதிய தாளைப் பார்த்தார்.

“ஷீ கான்ற் கோ,” என்றார் மெதுவாக.

“நோ கோ, சேர்! கனொற்! ஓல் சில்ட்ரன் கனொற்!”

அவர் மூடிய பேனாவைத் திறந்து, எழுதியதை வெட்டினார். நிசாந்தன் பக்கம் திரும்பிச் சற்றுக் கடுமையாக ஏதோ கேட்டார். நிசாந்தன் இந்த முறை கனநேரம் பதில் சொன்னான். கடைசியில் அதிகாரி எழும்பி நின்று, “இற் வில் பி கன்சிடர்ட்,” என்றார்.

கவனிக்கப்படும். சிவரூபிக்கு அது விளங்கியது. விளங்கியதால்தான் விட மனம் வரவில்லை. இத்தனை நாள் குசினி மேசையில் மகளோடு மாரடித்த வசனம் அல்லவா இது? சைக்கிள் இருக்கிறது, கள்ளன் இல்லை.

“பை ஹூம், சேர்?” யாரால் என்று கேட்டாள்.

அதிகாரி தன் தாளை மடித்தார். “பை த டிப்பார்ட்மென்ற்,” என்றார். வணக்கம் சொல்லிவிட்டுப் படகுக்குப் போனார்.

டிப்பார்ட்மென்ற் என்றால் யார்? அதற்கு முகம் உண்டா, வீடு உண்டா, போய்க் கேட்க ஒரு கதவு உண்டா? சிவரூபி வாங்கில் இருந்துவிட்டாள். முதலில் ஏசியவர்களில் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தாயும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள். ஒழுங்கை திரும்பும் இடத்தில் நிலாந்தினி வாய் திறந்தாள்.

“அம்மா, ‘ஹவ் வில் யுவர் டோட்டர் கோ’ எண்டுதான் கேக்கவேணும்.”

சிவரூபி நின்றாள். “அப்ப அது உனக்குத் தெரியும்.”

“ஓம்.”

“அங்கை நிக்கேக்கையும் தெரியும்.”

“ஓம்.”

“பேந்து ஏன் வாயைத் திறக்கேல்ல? எனக்குத்தான் தெரியாது, நான் ஒரு விசரி. எல்லாம் தெரிஞ்ச நீ ஏன் ஊமை மாதிரி நிண்டனி?”

“பிழை விட்டிடுவன் எண்டு பயமாயிருந்தது.” நிலாந்தினிக்கு அழுகை வந்துவிட்டது.

“நான் விட்டன் பிள்ளை. ஊருக்கு முன்னால விட்டன். ஏச்சும் வாங்கினன். செத்தே போனன்?”

மகளை அணைக்கவேண்டும் என்று ஒரு பக்கம் இருந்தது. ஆனால் பூவரச மரத்தடியில் மைக் பூட்டிய விரல் அவள் நினைவை விட்டுப் போகவில்லை. அழட்டும் என்று முன்னால் நடந்தாள். சோறு போடும்போது மட்டும் மகளின் சோற்றுக் கோப்பையில் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தாள்.

டிப்பார்ட்மென்றோ, அந்த மனிதரோ, யார் கவனித்தார்களோ தெரியாது. சோதினை நாட்களில் விடிய ஆறு மணிக்குப் படகு வந்தது. அறிவித்தலில் யாருடைய பெயரும் இல்லை. ஊரில் சிலர் தங்கள் கடிதத்தால் வந்தது என்றார்கள். கோயில் தலைவர் தன்னுடைய போன் கதையால் வந்தது என்றார். சிவரூபியின் பெயரை யாரும் எடுக்கவில்லை. சசிகரனுக்கு அது பொறுக்கவில்லை. “நீர்தானே போய்க் கேட்டனீர், சொல்லுமன்,” என்றான். “சொல்லி?” என்றாள் அவள்.

ஆங்கிலப் பேப்பர் அன்று படகில் தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. நிலாந்தினி ‘ஓல்தோ’ வந்தால் ‘பட்’ வராது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சிவரூபி தலையாட்டினாள். ஊர்காவற்துறையில் இறங்கி மகள் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் தாய் இன்னொரு பள்ளிக்கூடத்துக்கும் பிரிந்தார்கள். மண்டபத்தில் சிவரூபிக்குப் பின்னாலும் முன்னாலும் இருபது வயதுப் பெடியள். கண்காணிப்புக்கு வந்த ரீச்சர் அவளைத் தன்னோடு வேலைக்கு வந்தவள் என்று நினைத்து, “மிஸ், நீங்கள் எந்த மண்டபம்?” என்று கேட்டார். அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

வாசிப்புப் பகுதி தேனீக்களைப் பற்றியது. அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. கவனமாக, ஒவ்வொரு வசனமாக, எது எதைக் குறிக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதினாள். கிரமரும் மோசமில்லை. கடைசிக் கேள்வியில் பேச்சு எழுதச் சொல்லியிருந்தார்கள். உங்கள் ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று பேசவேண்டும். என்ன வேண்டும் என்று எழுதினாள். ஏன் என்று எழுதினாள். உதாரணத்துக்கு, மழை நாளில் வாசிக்கப் புத்தகம் இல்லாமல் முன்பள்ளி யன்னலில் நிற்கும் பிள்ளை ஒன்று நினைவில் வந்தது. அதை எழுதத் தொடங்கி முதல் வசனம் முடிகிற நேரத்தில் மணி அடித்தது. கண்காணிப்பு ரீச்சர் வந்து தாளை இழுத்துக்கொண்டு போனார். தேனீக்களோடு அவ்வளவு நேரம் நின்றிருக்கக் கூடாது.

முடிவுகள் வந்த அன்று சிக்னலுக்காகப் பாதி ஊர் இறங்குதுறையில் நின்றது. நிலாந்தினிக்கு மற்றப் பாடங்கள் எல்லாம் ஏ, ஆங்கிலத்துக்கு பி. ஏ வரும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தவள். போனைத் தாயின் கையில் திணித்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிவரூபி தன் சுட்டெண்ணை மெல்ல மெல்ல அமத்தினாள். எஸ். சாதாரண சித்தி.

வாழ்க்கையில் முதல் தரம் ஆங்கிலத்தில் சித்தி! சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் அங்கேயே நின்று டிப்ளோமாக்காரருக்குப் போன் எடுத்தாள்.

“எஸ் காணாது அக்கா,” என்றது மறுபக்கத்துக் குரல். “சி வேணும். அடுத்த முறை பாருங்கோ.”

“தம்பி, நான் பாஸ் பண்ணீட்டன்.”

“ஓம் அக்கா. ஆனா காணாது.”

வீட்டுக்கு வந்தவளைப் பார்த்துச் சசிகரன் விசயத்தைப் பிடித்துவிட்டான். “விடுமப்பா. பாஸ்தானே. இந்த வயசில இது காணும்.”

“உங்களுக்குக் காணும்,” என்றாள் சிவரூபி. “அவைக்குக் காணாதாம். எனக்கும் காணாது.” சாத்திய கதவில் போய்த் தட்டினாள். “நிலா, வெளியில வா. பி எண்டா ஒண்டும் செத்தவீடு இல்லை. நான் இன்னொருக்கா எழுதப் போறன்.”

கதவு உடனே திறக்கவில்லை. பின்னேரம் கண் வீங்கிய மகள் குசினிக்கு வந்து மேசையில் இருந்தாள். கையில் சிவப்புப் பேனா இல்லை.

“அம்மா, இனிப் பேப்பர் வேண்டாம். பின்னேரத்தில இங்கிலீசில கதைப்பம். நானும் நீங்களும். எனக்கும் கதைக்க வரேல்லத்தானே.”

“பிழை பிடிப்பியோ?”

“இல்லை.”

சரி என்று இரண்டு பேரும் இருந்தார்கள். கனநேரம் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. அடுப்பில் கறி கொதித்தது. கடைசியில் சிவரூபி கரண்டியால் கறியைக் காட்டி, “நோ சோல்ற்,” என்றாள்.

நிலாந்தினி ஏதோ திருத்த வாயெடுத்து, அடக்கிக்கொண்டு, “வை?” என்று கேட்டாள்.

உப்பு நேற்றே முடிந்துவிட்டது, கடைக்குப் போகவேண்டிய சசிகரன் மறந்துவிட்டு இப்போது ஒன்றும் தெரியாதவன்போல் வானொலி கேட்டுக்கொண்டிருக்கிறான். இவ்வளவையும் இங்கிலீசில் எப்படிச் சொல்வது? சிவரூபிக்கு மறுபடியும் ஆத்திரம் தலைக்கு ஏறியது. “யுவர் ஃபாதர்…” என்று தொடங்கினாள்.